கல்லாவில் அமர்ந்த கால்களுக்கு ஒரு கணக்கு



நம் சங்க இதழில் வரி விதிகள், எடை அளவு முத்திரை, தொழில் உரிமம், சரக்கு நிலவரம் ஆகியவற்றைப் பற்றித்தான் வழக்கமாக எழுதுகிறோம். கடைக்கு வரக்கூடிய ஆபத்துகளை எல்லாம் முன்கூட்டியே எச்சரிக்கிறோம். கடையை நடத்துகிறவருக்கு வரும் ஆபத்தைப் பற்றி அதிகமாக யாரும் எழுதுவதில்லை. ஆகவே இந்த முறை நடைப்பயிற்சியைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன்.

நான் டாக்டர் அல்ல. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு பாரிமுனைப் பக்கம் மளிகை மொத்த வியாபாரத்துக்கு வந்தவன். இப்போது வயது அறுபத்து நான்கு. இதில் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் கல்லாவில் உட்கார்ந்தே கழிந்திருக்கிறது. என் அனுபவத்தையும், டாக்டர்கள் சொல்லித் தெரிந்துகொண்டதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டுமே இங்கு தருகிறேன்.

யார் நடந்ததை யார் கணக்கில் எழுதுவது?

எட்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் பகுதி வணிகர்களுக்காக ஒரு இலவச மருத்துவ முகாம் நடந்தது. இலவசம்தானே என்று நானும் போய் விரலை நீட்டினேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 190 இருந்தது. ரத்த அழுத்தமும் கூடுதல். முகாமில் இருந்த டாக்டர், "தினமும் எவ்வளவு நடப்பீர்கள்?" என்று கேட்டார். "காலை முதல் இரவு வரை கடையில்தானே அலைகிறேன் டாக்டர், தனியாக வேறு நடக்க வேண்டுமா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு நாள் எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார்.

மறுநாள் என் மகன் தன் செல்போனை என் சட்டைப் பையில் போட்டுவிட்டான். அது அடிகளை எண்ணுமாம். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தது முதல் இரவு ஒன்பதரைக்குக் கதவை இழுத்து மூடியது வரை நான் நடந்தது மொத்தம் 1,900 அடிகள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அன்று லாரியில் சரக்கு வந்து இறங்கிய நாள். களைத்துப் போய்த்தான் வீடு திரும்பினேன். யோசித்துப் பார்த்தபோது உண்மை விளங்கியது. மூட்டை சுமந்தவர்கள் நடந்தார்கள். கடைப் பையன்கள் நடந்தார்கள். நான் "அதை எடு, இதை அடுக்கு" என்று சொல்லிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தேன். அவர்கள் நடந்ததை எல்லாம் இத்தனை வருடமாக என் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நம்மில் பலர் செய்யும் தவறு இதுதான். களைப்பு வேறு, நடை வேறு. கடையில் நமக்கு வரும் களைப்பு பெரும்பாலும் பேச்சாலும், கவலையாலும், கணக்காலும் வருவது. அதனால் மனம் சோர்கிறது. கால்கள் சும்மாவே இருக்கின்றன.

லண்டன் பஸ்ஸில் கண்ட உண்மை

இது புதிய விஷயம் அல்ல. லண்டன் நகரத்து மாடி பஸ்களில் வேலை செய்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு டாக்டர் ஜெரமி மோரிஸ் என்பவர் 1953ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார். இருவருக்கும் ஒரே பஸ், ஒரே நிறுவனம், ஒரே விதமான குடும்பச் சூழ்நிலை. ஆனால் டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாள் முழுவதும் படியேறி இறங்குபவர். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாகவே இருந்தது. அதற்குப் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் உடல் உழைப்புக்கும் இதய நலனுக்கும் உள்ள தொடர்பை உறுதி செய்திருக்கின்றன. அந்த டாக்டர் 99 வயது வரை வாழ்ந்து 2009ல் காலமானார்.

நம் கடைகளை நினைத்துப் பாருங்கள். முதலாளி டிரைவர், கடைப் பையன் கண்டக்டர். இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருப்பதும் நடை ஆகாது. அதனால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதும், கால் வீங்குவதும் உண்டு. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. ஊழியர் அவ்வப்போது உட்கார வேண்டும். முதலாளி அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். இரண்டும் செய்தால் கடையில் எல்லோருக்கும் நல்லது.

நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

எனக்கு டாக்டர் விளக்கியதை நம் தொழில் பாஷையிலேயே சொல்கிறேன். சாப்பிட்ட உணவு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் வருகிறது. இதைச் சரக்கு லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு போய்ச் சேர வேண்டிய கிடங்கு நம் தசைகள். கிடங்கின் பூட்டைத் திறக்கும் சாவி இன்சுலின். சாவி தேய்ந்துபோனாலோ, பூட்டு துருப்பிடித்தாலோ லாரிகள் தெருவிலேயே தேங்கி நிற்கும். இதுதான் சர்க்கரை நோய்.

ஆனால் தசை வேலை செய்யும்போது கிடங்குக்கு ஒரு பக்கக் கதவும் திறக்கிறது. அந்தச் சாவியை முழுவதும் நம்பியிராமலே சரக்கு உள்ளே போகிறது. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும்தான் இருக்கின்றன. ஆகவே நடப்பது என்றால் பெரிய கிடங்கைத் திறந்துவிடுவதாகும். அதோடு கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது காலில் தங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மாலையில் செருப்பு இறுக்குகிறது என்று சொல்லும் நம் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தொடர்ந்து நடப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைவதும், தூக்கம் நன்றாக வருவதும் கூடுதல் லாபம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வின் முடிவு 2023ல் வெளியானது. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் சங்க உறுப்பினர்கள் பத்துப் பேர் சேர்ந்து காப்பி குடிக்கும்போது எத்தனை பேர் "சர்க்கரை வேண்டாம்" என்று சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆய்வை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

எவ்வளவு நடக்க வேண்டும்?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடும்.

"பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமாமே, அது நம்மால் ஆகாது" என்று சிலர் ஆரம்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பத்தாயிரம் என்ற எண் ஜப்பானில் 1965ல் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அதாவது விளம்பரத்தில் பிறந்த எண். அதற்குக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு. இரண்டாயிரம் அடி நடப்பவர் நான்காயிரம் நடந்தால் அதுவே நல்ல முன்னேற்றம்.

வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்? நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறவர்கள் நிமிடத்துக்குச் சுமார் நூறு அடி என்று வைத்துக்கொள்ளலாம். சந்தை சுற்றிப் பார்ப்பது போல நின்று நின்று நடப்பது இதில் சேராது.

புதிதாகத் தொடங்குபவர் முதல் வாரம் பத்து நிமிடம் நடந்தால் போதும். வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, மூட்டு வலிக்கிறது என்று ஒரு மாதம் படுப்பதில் பயனில்லை.

என் பாதை

நான் குடியிருப்பது சென்னை அண்ணா நகரில். வார நாட்களில் டவர் பூங்காவில் நடக்கிறேன். அந்தக் கோபுரத்துக்கும் நம் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டு. 1968ல் இங்கே நடந்த உலக வர்த்தகப் பொருட்காட்சியை ஒட்டிக் கட்டப்பட்டது அது. விசுவேசுவரய்யா பெயர் சூட்டப்பட்டது. உயரம் 135 அடி. 2011ல் மேலே ஏறுவதற்குத் தடை விதித்து மூடினார்கள்; 2023ல் பழுது பார்த்து மீண்டும் திறந்தார்கள். நான் மேலே ஏறுவதில்லை, கீழேயே சுற்றுகிறேன். காலை ஐந்தே முக்காலுக்குப் போனால் ஆறரைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட நடை. டவர் பூங்காவில் தொடங்கி, வீதி வழியாகவே நடந்து ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா வரை செல்வேன். மெட்ரோ ரயில் கணக்கில் சொன்னால் அண்ணா நகர் டவர், அண்ணா நகர் கிழக்கு, ஷெனாய் நகர் என்று மூன்று நிலையங்கள். என் நடைக்குச் சுமார் அரை மணி நேரம் ஆகும். திரு.வி.க. பூங்காவின் அடியில்தான் ஷெனாய் நகர் மெட்ரோ நிலையம் இருக்கிறது. அந்தப் பணிக்காகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்த பூங்கா 2023ல் திரும்பவும் திறக்கப்பட்டது. அங்கே இரண்டு சுற்று நடந்துவிட்டுத் திரும்புவேன். கால் தளர்ந்த நாளில் கூச்சப்படாமல் மெட்ரோவில் ஏறிவிடுவேன். திரும்புவதற்கு ஒரு வழி இருக்கிறது என்ற தைரியம் இருந்தால் நீண்ட தூரம் நடக்கப் பயம் வராது.

ஒரே பூங்காவைச் சுற்றினால் சிலருக்குச் சலித்துவிடும். இரண்டு பூங்காக்களை ஒரு பாதையால் இணைத்துக்கொண்டால் சலிப்புத் தட்டாது. கோவையில் இருப்பவர்களுக்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதை இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு அதிகாலையில் வாகனம் வராத கடற்கரைச் சாலை இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசும் 2023ல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோ மீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. பூங்கா இல்லாத சிற்றூர்களில் தேரோடும் வீதி போதும்.

கவனிக்க வேண்டியவை

என் நெருங்கிய நண்பர் ஒருவர், பாத்திரக் கடைக்காரர். பதினைந்து வருடச் சர்க்கரை நோயாளி. பூங்காக்களில் கூழாங்கல் பதித்து எட்டு வடிவத்தில் பாதை போட்டிருப்பார்கள் அல்லவா, அதில் அவர் வெறுங்காலோடு நடப்பார். "அண்ணாச்சி, மற்றவர்கள் எல்லாம் ஐயோ அம்மா என்கிறார்கள், எனக்குக் கல் குத்துவதே தெரியவில்லை" என்று பெருமையாகச் சொல்வார். நானும் அவர் கால் உறுதியானது என்றே நினைத்தேன். சர்க்கரையால் கால் நரம்புகள் மரத்துப்போயிருந்ததுதான் காரணம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒரு சித்திரை மாதம் பாதத்தில் சிறு காயம் பட்டிருக்கிறது. வலி இல்லாததால் அவர் பார்க்கவே இல்லை. சாக்ஸில் கறை படிந்ததைப் பார்த்து அவர் மனைவிதான் கண்டுபிடித்தார். அதற்குள் சீழ் பிடித்து, கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இந்தக் கட்டுரையை எழுதும்படி என்னைத் தூண்டியவரே அவர்தான். "என் பெயரைப் போடாதீர்கள், விஷயத்தைப் போடுங்கள்" என்றார்.

ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு எங்கும் நடக்கக் கூடாது. விரலை நெருக்காத ஷூவும் பருத்திக் காலுறையும் அணிய வேண்டும். இரவு படுக்கும் முன் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும், முக்கியமாக இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் நடையைத் தொடங்குமுன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். சில மருந்துகளோடு வெறும் வயிற்றில் நெடுநேரம் நடந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், தலை சுற்றல், படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். சட்டைப் பையில் நான்கு சர்க்கரை மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் உடனே நின்றுவிட வேண்டும். "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்து நேரத்தைப் போக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, நடை முடிந்ததும் கூட்டமாக ஓட்டலுக்குப் போகும் பழக்கம். ஒரு மணி நேர நடையில் கரைவது சுமார் 200 முதல் 250 கலோரி. எண்ணெயில் பொரித்த இரண்டு வடையும் ஒரு சர்க்கரை போட்ட காப்பியும் அதற்கு மேலேயே திருப்பிக் கொடுத்துவிடும். ஆறு மாதம் நடந்தும் எடை குறையவில்லை என்று நொந்துகொள்ளும் நண்பர்கள் இந்தச் செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். நானும் முதல் வருடம் இப்படித்தான் ஏமாந்தேன்.

நேரம் எங்கே இருக்கிறது?

நம்மவர்கள் சொல்லும் முதல் பதில் இதுதான். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, பதினொன்றரைக்குப் படுப்பவர் காலை ஐந்து மணிக்கு எப்படி எழுவார்? நியாயமான கேள்வி. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நடப்பதை நானும் சொல்ல மாட்டேன்.

அதற்கு நான் கண்ட வழி, நடையைப் பிரித்துக்கொள்வது. மொத்தமாகக் கொள்முதல் செய்ய முதல் இல்லாதபோது சில்லறையாக வாங்குவதில்லையா? அதுபோலத்தான். காலையில் இருபது நிமிடம். மதியம் சாப்பிட்ட பிறகு கல்லாவில் சாய்ந்து கண்ணை மூடாமல், தெருவின் கோடி வரை பத்துப் பதினைந்து நிமிடம். சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் சிறு நடை, சர்க்கரை திடீரென்று ஏறுவதைத் தடுக்கிறது. வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிப் பத்து நிமிடம். நாற்பது நிமிடம் வந்துவிட்டது. ஒரே தடவையில் நடந்தால்தான் பலன் என்பது தேவையில்லாத பயம்.

கடையில் மணிக்கு ஒரு முறை எழுந்திருக்கிறேன். சரக்கு இருப்பை நானே போய்ப் பார்க்கிறேன். தண்ணீர் பாட்டிலைக் கல்லாவில் வைக்காமல் பின்கட்டில் வைத்திருக்கிறேன். குடிக்க வேண்டுமானால் நடந்தே ஆக வேண்டும். பூங்காவில் செல்போனை அமைதியாக்கிவிடுகிறேன். ஆரம்பத்தில் உளுந்து விலை என்ன, துவரை வரத்து எப்படி என்று பேசிக்கொண்டே நடந்து, பாதி நேரம் நின்றுகொண்டிருந்தேன். அந்த முக்கால் மணி நேரத்தில் விலை ஏறி நான் நஷ்டப்பட்டது இதுவரை ஒரு நாளும் இல்லை.

பூங்காவுக்கு நாம் செய்ய வேண்டியது

நடக்க வேண்டும் என்றால் இடம் வேண்டும். 1859ல் சென்னையில் ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில், இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையப் பகுதியில் 'பீப்பிள்ஸ் பார்க்' என்ற மாபெரும் பூங்கா உருவானது. நூறு ஏக்கருக்கு மேல் இருந்த அந்தப் பூங்கா சிறிது சிறிதாகக் குறைந்தது. 1900ல் திறந்த மூர் மார்க்கெட்டும் அந்த நிலத்தில் வந்ததுதான். மார்க்கெட் 1985ல் தீயில் போயிற்று. பூங்காவில் இன்று மிஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா என்ற சிறு பகுதி. போன பூங்கா திரும்ப வருவதில்லை.

இதில் நம் பங்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பூங்காவுக்குப் போகும் வழியில் நடைபாதை இல்லை என்று முதியவர்கள் குறை சொல்கிறார்கள். அந்த நடைபாதையில் இருப்பது யாருடைய சரக்கு? எண்ணெய் டின்னும், அட்டைப் பெட்டியும், விளம்பரப் பலகையும் நம்முடையவை. என் கடை வாசலிலும் மூன்று வரிசை மூட்டை இருந்தது. ஒரு நாள் கைத்தடியோடு வந்த ஒரு அம்மா அதைச் சுற்றிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே இறங்கிப் போனார். காலையில் பூங்காவில் எனக்கு வழி விட்டுப் புன்னகை செய்பவர் அவர். அன்று மாலையே மூட்டைகளை உள்ளே எடுத்து வைத்தேன். இடம் நெருக்கடிதான், வியாபாரம் குறையவில்லை. நம் சங்கம் தெருத்தெருவாக இதைப் பேசி முடிவெடுத்தால் நல்லது. அந்தந்தப் பகுதிப் பூங்காவுக்கு ஒரு பெஞ்சோ, குடிதண்ணீர்த் தொட்டியோ அளிப்பதும் நம் சக்திக்கு உட்பட்டதே.

என் கணக்கின் இன்றைய இருப்பையும் சொல்லி முடிக்கிறேன். சர்க்கரை நோய் என்னை விட்டுப் போகவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன்; டாக்டர் ஒரு மாத்திரையை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கிறார். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையில் ஒன்பதுக்கு மேல் இருந்தது இப்போது ஏழுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கிடங்கு மாடிக்கு நிற்காமல் ஏறுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் அந்த முகாமுக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில நாள் நினைப்பதுண்டு.

பாத்திரக் கடை நண்பர் மறுபடி நடக்கிறார். அவருக்கென்று அளவெடுத்துச் செய்த செருப்போடு, மெதுவாக, என்னுடன் ஒரு சுற்று வருகிறார். கல் பாதைப் பக்கம் போவதில்லை. புதிதாக யாராவது அங்கே வெறுங்காலோடு இறங்கினால், நின்று, "உங்களுக்குச் சர்க்கரை உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார்.

நம் பேரேட்டில் நாளின் முதல் வரவு இனி நடையாக இருக்கட்டும்.